முட்டையும் முரசும்



'விளம்பு' என்பது தமிழில் ஒரு பழஞ்சொல். அகராதி அதற்குக் கூறும் பொருள்களுள் இரண்டு இன்றைய பேச்சுக்குப் பயன்படுவன. ஒன்று, பலரறியச் சொல்லுதல். மற்றொன்று, உண்பவர்க்கு உணவு பரிமாறுதல். இரண்டாவது பொருள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. மலையாள நாட்டில் மட்டும் இன்றும் இலையில் சோறு விளம்புகிறார்கள். 'விளம்பரம்' என்னும்போது நாம் நினைப்பது முதற்பொருளை மட்டுமே. ஆயினும், சொல்லி உண்ணச் செய்வதும் பரிமாறி உண்ணச் செய்வதும் ஆகிய இவ்விரு வேலைகளுள் எது ஒரு நாட்டு மக்களின் வழக்கத்தை மாற்ற வல்லது என்பது ஆராயத்தக்க வினா. அதனைச் சேலம், நாமக்கல் சமவெளியில் விளையும் இரண்டு பண்டங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம் என்று எண்ணுகிறேன். ஒன்று ஜவ்வரிசி, மற்றொன்று கோழிமுட்டை.

பண்டைக் காலத்தில் அரசன் ஆணையை யானைமீதிருந்து முரசறைந்து தெரிவித்தனர். பிற்காலத்தில் ஊர்தோறும் தண்டோராப் போட்டனர். இவை ஆட்சியின் குரல்கள். வணிகத்தின் குரல் ஒலித்த இடம் சந்தையே. சேலம் நகரிலுள்ள செவ்வாய்ப்பேட்டை தன் பெயரிலேயே ஒரு சந்தை நாளைச் சுமந்து நிற்கிறது. சந்தையில் விற்பவன் கூவினான். வாங்குபவன் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தான், நெல்லை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். கூவியது பொய்யானால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே ஆளைக் கண்டு கேட்கலாம். பொருளும் விற்பவனும் வாங்குபவனும் ஓரிடத்தில் கூடியிருந்தவரை கூவுதலுக்கு ஓர் எல்லை இருந்தது. பொருள் எங்கோ செய்யப்பட்டு, விற்பவன் கண்ணுக்குத் தெரியாதவனாகி, குரல் மட்டும் தனியே பயணம் செய்யத் தொடங்கியபோதுதான் இன்று நாம் விளம்பரம் என்று சொல்வது பிறந்தது.

அக்குரல் இவ்வட்டாரத்துக்கு வந்த வழிகளுள் ஒன்று திரைப்படம். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இலும் வெளிவந்தது இந்நிறுவனத்தின் முயற்சியாலேயே ஆகும். அக்காலத்தில் படம் ஊருக்கு வந்திருப்பதை அறிவிக்க மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் முழக்கி, வண்ணத் தாளில் அச்சிட்ட நோட்டீசுகளை வீசிக்கொண்டு போவார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் வண்டியின் பின்னே ஓடினர். அந்த நோட்டீசு அவர்களுள் பலருக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைத்த முதல் அச்சுத்தாளாக இருந்திருக்கும். விளம்பரம் செய்த நன்மைகளைக் கணக்கெடுப்பவர் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வானொலியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். நம் நாட்டு அரசு வானொலி நெடுங்காலம் வணிக விளம்பரத்துக்கு இடந்தரவில்லை. 1952ஆம் ஆண்டையொட்டித் திரையிசைக்கும் அது கதவை ஏறத்தாழச் சாத்தியது. நேயர்கள் என்ன செய்தனர்? இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பின் பக்கம் திரும்பினர். பாட்டுடன் பற்பசையின் பெயரையும் சேர்த்துக் கேட்டனர். 1957இல் விவித பாரதி தோன்றியது. 1967ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பர ஒலிபரப்பு தொடங்கிற்று. மக்கள் விரும்புவதை மறுத்துவிட்டு அவர்களுடைய விருப்பத்தையே மாற்றிவிடலாம் என்று எண்ணிய ஒரு பதினைந்து ஆண்டு அவ்வாறு முடிந்தது.

இனி ஜவ்வரிசிக்கு வருவோம். இதன் பெயரே ஒரு வெளிநாட்டு விளம்பரம் எனலாம். மலாய் மொழியின் 'சாகு' என்னும் சொல்லோடு அரிசி சேர்ந்து வந்தது என்பர் சிலர். ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அது கடல்கடந்து வந்த பண்டம். அந்நாட்டுப் பனைவகை மரம் ஒன்றின் தண்டிலிருந்து எடுத்த மாவினால் ஆயது. நோயாளிக்குக் கஞ்சி, விருந்துக்குப் பாயசம், கோடையில் வடகம் என்று நம் வீடுகளில் அது நிலைபெற்றுவிட்டது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றினர். கப்பல் நின்றது. பாயசத்தின் ஆசை மட்டும் நிற்கவில்லை.

அந்த வெற்றிடத்தைச் சேலம் நிரப்பிற்று. இங்கு மானாவாரி நிலத்திலும் விளைவது மரவள்ளி. நம் மக்கள் அதனைக் குச்சிக்கிழங்கு என்பர். தென்னமெரிக்காவில் பிறந்து, பஞ்சகாலத்துக்கு உதவும் பயிர் என்று 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் மன்னர் விசாகம் திருநாளால் ஊக்குவிக்கப்பட்ட கிழங்கு இது. கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த ஈரமாவைத் துணித்தூளியில் இட்டுக் குலுக்கினால் மாவு மணிமணியாகத் திரளும். அதைச் சூடான தட்டில் வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. எஞ்சும் சக்கைக்குத் 'திப்பி' என்று பெயர். அது கால்நடைத் தீவனமாகும். இவ்வாறு 1940களில் சேலத்தைச் சுற்றிலும் சேகோ ஆலைகள் எழுந்தன.

இங்கேதான் ஒரு சிக்கல் தோன்றியது. பனைமாவில் செய்த பண்டத்தின் பெயரைக் கிழங்குமாவில் செய்ததற்குச் சூட்டலாமா? இது வெறும் சொற்போர் அன்று. வாங்குபவர் பெயரை நம்பியே பணம் கொடுக்கிறார். அப்பெயர் கலப்படமா, உரிமையா என்பதை முடிவு செய்தாக வேண்டும். 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள், சேகோ என்பது பனைவகையின் மாவினாலோ மரவள்ளிக் கிழங்கினாலோ ஆன மணி என்று இலக்கணம் வகுத்தன. சட்டம் பெயருக்கு இசைவு தந்தது. வந்தேறிய ஒரு கிழங்கு, வந்தேறிய மற்றொரு பண்டத்தின் பெயரைச் சட்டப்படி பெற்றுச் சேலத்துப் பிள்ளையாயிற்று. 1981ஆம் ஆண்டில் ஆலையாளர்கள் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர்; 2023ஆம் ஆண்டில் 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு பிறர் பெயரைக் கடன் வாங்கிய பண்டம் இன்று தன் ஊர்ப்பெயரைப் பிறர் கடன் வாங்காதபடி காவல் வைத்திருக்கிறது!

இப்பண்டத்தைப் பெரிதும் உண்பவர் தமிழரல்லர். மகாராட்டிரத்திலும் குசராத்திலும் ஏகாதசி, நவராத்திரி நோன்பு நாள்களில் தானியத்தை விலக்கியவர்கள் ஜவ்வரிசியைக் கிச்சடியாகச் செய்து உண்கின்றனர். பழைய நூல் எதனாலும் அறியப்படாத அமெரிக்கக் கிழங்கு ஒன்று, நோன்புக்கு ஏற்ற தூய உணவு என்னும் மதிப்பைப் பெற்றுவிட்டது. தொன்மை என்று நாம் கருதுவனவற்றுள் எத்தனை அண்மைக் காலத்துச் சரக்குகள் என்பதை வரலாறு படிக்கும் மாணவர் இதைக் கொண்டு சிந்திக்கலாம்.

தூய்மை என்ற அம்மதிப்போடு ஒரு கேடும் புகுந்தது. தூய்மை என்றால் வெண்மை என்று வாங்குபவர் கண் பழகிப்போயிற்று. சோப்பு விளம்பரங்கள் அப்பழக்கத்தை வளர்த்ததில் பங்குகொண்டன என்பது என் கருத்து. 1941ஆம் ஆண்டில் லீலா சிட்னிஸ் என்னும் நடிகையின் படத்துடன் லக்ஸ் சோப்பு விளம்பரம் வந்த நாள் முதல், வெண்மையும் அழகும் உயர்வும் ஒன்றே என்னும் பாடத்தை நம் தாய்மாரும் தந்தையரும் நாள்தோறும் படித்தனர். கிழங்கின் இயற்கை நிறம் சற்றே மங்கலானது. ஆயினும் சந்தையில் வெளுத்த மணிக்கே நல்ல விலை. ஆகவே ஆலையாளருள் சிலர் தொட்டியில் வெளுப்பு மருந்துகளைக் கலக்கத் தலைப்பட்டனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேலம் வட்டாரத்து ஆலைகளில் சோதனை நடத்திச் சரக்கைப் பறிமுதல் செய்ததாக நாளிதழ்களில் பலமுறை படித்திருக்கிறோம். குற்றம் கலந்தவர் மேலது, ஐயமில்லை. ஆனால் தொட்டியில் விழுந்த அம்மருந்தைத் தொலைவிலிருந்து அழைத்தது வாங்குபவரின் கண். அக்கண்ணைப் பழக்கியவர் யார் என்று எந்த வழக்குமன்றமும் கேட்பதில்லை.

இனி முட்டை. இதனைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

நாமக்கல் 1997ஆம் ஆண்டில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஒரு புறம் கொல்லிமலை. தென்மேற்கு ஓரத்தில் காவிரி. இடையே மழையை நம்பிய புன்செய். வறண்ட நிலத்தில் வாழ்ந்தோர் நிலத்தை மட்டும் நம்பாமல் லாரியை நம்பினர், கோழியை நம்பினர். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. லாரி தீவனத்தைக் கொண்டுவரும், முட்டையைக் கொண்டுபோகும். 1985இல் இங்கு அமைந்த கால்நடை மருத்துவக் கல்லூரி பண்ணையாளர்க்கு வழிகாட்டிற்று. இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான முட்டைகள் இம்மாவட்டத்துப் பண்ணைகளில் கிடைக்கின்றன. வளைகுடா நாடுகளுக்கும் கப்பலேறுகின்றன.

ஆனால் அத்தனை முட்டைகளை உண்பதற்கு வாய்கள் வேண்டுமன்றோ? முன்னாளில் முட்டை நாள்தோறும் உண்ணும் உணவாக இருந்ததில்லை. வீட்டுக் கோழி இட்டால் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் நோயினின்று தேறுபவனுக்கும் உண்டு. மருமகன் வந்தால் உண்டு. கார்த்திகையிலும் புரட்டாசிச் சனியிலும் பலர் வீட்டில் இல்லை. வேறு சிலர் வீட்டில் அதன் பெயரைச் சொல்வதும் வழக்கமன்று. பண்ணைகள் பெருகிய வேகத்தில் உண்பவர் பெருகவில்லை. விலையை நகரத்து வணிகர்களே குறித்தனர். 1980களின் தொடக்கத்தில் தீவனச் செலவுக்கும் போதாத விலையில் முட்டை விற்றது. பலர் பண்ணையை மூடினர்.

1982ஆம் ஆண்டில் பண்ணையாளர்கள் கூடித் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர். அதனை முன்னின்று நடத்தியவர் புனேயில் வெங்கடேசுவரா குஞ்சுப்பொரிப்பகத்தை நிறுவிய டாக்டர் பி. வி. ராவ். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பது அவர் எழுப்பிய முழக்கத்தின் கருத்து. விலையைத் தாமே அறிவிப்பது அக்குழுவின் முதல் வேலை. முட்டையை உண்ணுமாறு நாட்டு மக்களைக் கேட்பது இரண்டாம் வேலை.

அவ்வாண்டிலேயே இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றது. சில ஆண்டுகளில் குழுவின் இந்திப் பாட்டு ஒன்று தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரவிற்று. கிழமை எதுவாயினும் முட்டை உண்க என்பது அதன் பொருள். இதில் இரண்டு நுட்பங்களைக் கவனியுங்கள். முதலாவது, அதில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஒரு முட்டைக்கும் மற்றொரு முட்டைக்கும் வேற்றுமை காட்ட இயலாதாகையால் பண்ணையாளர் அனைவரும் சேர்ந்து முட்டை என்னும் சாதிக்கே பரிந்து பேசினர். இரண்டாவது, முட்டை சுவையானது என்றோ வலிமை தருவது என்றோ வாதிடுவதற்கு முன்பே, அதனை உண்ணாமலிருக்க நாம் வைத்திருந்த காரணமாகிய கிழமையை அது மென்மையாக எடுத்து அப்புறம் வைத்தது. தடையை எதிர்த்து வழக்காடாமல் தடையே இல்லாததுபோல் பாடுவது விளம்பரக் கலையின் உயர்ந்த தந்திரம். அதனைப் பாராட்டும்போதே அஞ்சவும் வேண்டும்.

தந்திரம் எல்லை கடந்த இடமும் உண்டு. சேவலின்றி இடப்படும் முட்டையில் உயிர் இல்லை. எனவே அதனைச் சைவம் என்றே கொள்ளலாம் என்று ஒரு வாதம் எழுந்தது. பால் அருந்துபவர் இத்தகைய முட்டையை மறுக்க வேண்டியதில்லை என்று காந்தியடிகளும் 1942ஆம் ஆண்டில் உடல்நலம் பற்றி எழுதியபோது கூறியிருக்கிறார். அவர் கூறியது ஓர் ஆராய்ச்சி; அதனை விற்பனைக்குச் சான்றாக நிறுத்துவது வேறு. 2000-2001 ஆண்டுகளில் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியும் இட வேண்டும் என்று விதி வந்தபோது, முட்டை அசைவத்தின் பக்கமே வைக்கப்பட்டது, பால் வைக்கப்படவில்லை. ஒருவர் எதை உண்ண மறுக்கிறார் என்பது அவருடைய மனச்சான்றைப் பொறுத்தது. சொல்லின் பொருளை மாற்றி அம்மறுப்பைக் கடந்துவிட நினைப்பது முறையன்று.

சொல்லினால் வந்த வாழ்வு சொல்லினாலேயே ஆட்டங்காணும் என்பதை 2006 காட்டிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் மகாராட்டிரத்து நவாபூரில் பறவைக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. நாமக்கல்லுக்கும் நவாபூருக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இங்கே அந்நோய் காணப்படவில்லை. நன்றாகச் சமைத்தால், அதாவது 70 பாகை செல்சியசு வெப்பம் உணவினுள்ளே எட்டுமானால், அந்நுண்கிருமி அழிந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் விளக்கிற்று. யார் கேட்டார்? விற்பனை சரிந்தது, அட்டை அட்டையாக முட்டை தேங்கியது. அச்சத்திற்கு விளம்பரதாரர் இல்லை, பாட்டில்லை, கட்டணமில்லை. ஆயினும் இருபதாண்டு விளம்பரத்தை இருபது நாளில் அது வென்றது. பண்ணைத் தொழிலினர் மாற்று மருந்தாக என்ன செய்தனர்? நாட்டின் பல நகரங்களில் பந்தலிட்டு, கோழிக்கறியையும் முட்டையையும் சமைத்து, வருவோர்க்கெல்லாம் இலவசமாக அளித்தனர். பேச்சு தோற்ற இடத்தில் இலையை விரித்தனர் என்று பொருள்.

இம்முறை புதியதன்று. 1930களில் தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகச் சென்று தேநீரைக் காய்ச்சி இலவசமாக ஊற்றிக் கொடுத்தே அதனை நமக்குப் பழக்கினர். 1937இல் வந்த டால்டா, தகரடப்பா வடிவில் அமைந்த வண்டியைத் தெருவில் நிறுத்தி, பண்டம் செய்து காட்டி, உண்ணக் கொடுத்தது. அனுபவமுள்ள வணிகர் 'விளம்பு' என்னும் சொல்லின் இரண்டாம் பொருளை ஒருநாளும் மறந்ததில்லை.

தமிழ்நாட்டில் முட்டையின் வரலாற்றை எழுதுபவர் தொலைக்காட்சிப் பாட்டோடு நிறுத்தினால் பாதி வரலாற்றையே எழுதியவராவார். அந்த 1982ஆம் ஆண்டிலேயே, ஜூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது அதில் முட்டை இல்லை. 1989ஆம் ஆண்டு கலைஞர் மு. கருணாநிதியின் ஆட்சியில் இருவாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. பின்னர் வாரம் ஒன்றாயிற்று; படிப்படியாக ஏறி 2010ஆம் ஆண்டில் வாரம் ஐந்தாயிற்று. பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை. அதில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம். எந்தச் சாதிப் பிள்ளையாயினும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அண்டாவிலிருந்து எடுத்ததை உண்ணுகிறது. கருநாடகத்தின் சில மாவட்டங்களில் 2021ஆம் ஆண்டு பள்ளியில் முட்டை வழங்கியபோது மடங்களிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. இங்கு அத்தகைய பேரெதிர்ப்பு எழாததற்குக் காரணம் பலவாகலாம். ஒரு தலைமுறை அதனைத் தட்டில் கண்டு வளர்ந்துவிட்டது என்பது அவற்றுள் முதன்மையானது என்பேன்.

அரசின் கொள்முதல் பண்ணையாளர்க்கு உறுதியான சந்தை ஆயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நன்மை இரு திசையிலும் ஓடிற்று. அதற்காகப் பண்ணையாளர் துன்பம் தீர்ந்துவிட்டது என்று எண்ணற்க. குழு அறிவிக்கும் நாமக்கல் விலை நாளிதழிலும் வானொலியிலும் பைசாக் கணக்கில் வருகிறது. பண்ணை வாசலில் லாரியை நிறுத்தும் வணிகரோ 'மைனஸ்' என்று ஒன்றைச் சொல்லி, அறிவித்த விலையில் சில பத்துப் பைசாக்களைக் கழித்துக்கொண்டே பணம் தருவது வழக்கமாகியிருக்கிறது. விலையைத் தாமே விளம்பும் உரிமைக்காக 1982இல் கூடியவர்களின் பிள்ளைகள், விளம்பிய விலை கைக்கு வருவதற்காக இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சத்துணவுக் கூடத்தில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். இதே மாவட்டத்துக் காவிரிக்கரையில், பரமத்தி வேலூரில், வாழைத்தார்கள் ஏலம் போகும் பெருஞ்சந்தை ஒன்று உண்டு. அங்கே தாரை வாங்க வருபவர் இன்றும் அதைத் தூக்கிப் பார்க்கிறார், காயை விரலால் அழுத்திப் பார்க்கிறார், பிறகே விலை கேட்கிறார். வாழைத்தாருக்கு எவரும் பாட்டெழுதி நான் கேட்டதில்லை. பொழுது ஏறுவதற்குள் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.